பூனைக்கு மணி கட்டுன ரீகா பையன்

போன இதழ்ல ஒரே ஒரு வரி தான் எழுதுனேன், லீவுல குழந்தைங்களோட உக்காந்து 'ஃப்ளோ'ன்னு ஒரு அனிமேஷன் படம் பாருங்க, வசனமே கிடையாதுன்னு. அதுக்கு வந்த லெட்டரும் மெயிலும் பாத்து ஆபீஸ்ல எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க. அதனால வழக்கமான அரசியல், ஜோசியம், 'நடிகை எப்ப கல்யாணம் பண்ணிக்குவாங்க' கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்கு தள்ளியாச்சு, இந்த வாரம் முழுக்க அந்தப் பூனைப் படத்த எடுத்த லாட்வியாக்காரரு கின்ட்ஸ் சில்பலோடிஸ் தான். அந்தப் பேர வாய்ல வரவழைக்க எனக்கே மூணு நாள் ஆச்சு, நீங்க பூனைப்பட டைரக்டர்னே சொல்லிக்கோங்க. பேரு போட வேண்டாம்னு நெறைய பேர் கேட்டிருந்ததால எல்லாருக்குமே ஊர் பேரு மட்டும் போட்டிருக்கேன்.

திருப்பூர்: லாட்வியாவுல ஒரு பையன் தன்னந்தனியா ரூம்ல உக்காந்து இலவச சாஃப்ட்வேர்ல படம் பண்ணி, டிஸ்னிய தோக்கடிச்சு ஆஸ்கர் வாங்கிட்டான்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துதே, நெசமா சார்?

பாதி நெசம். ரெண்டு படத்தோட கதைய ஒரே குண்டான்ல போட்டு கிண்டி நமக்கு பரிமாறிட்டாங்க.

தன்னந்தனியா பண்ணது முதல் படம். அதுக்கு பேரு 'அவே', 2019ல வந்துச்சு, 75 நிமிஷம். கதை, டைரக்ஷன், அனிமேஷன், எடிட்டிங், மியூசிக்னு அத்தனையும் ஒரே ஆளு, மூணரை வருஷம். ஒரு பையன் விமான விபத்துல தப்பிச்சு ஒரு தீவுல இறங்குறான், ஒரு பைக் கெடைக்குது, ஒரு குட்டி மஞ்சள் பறவை கூட சேருது, பின்னாடி மலை ஒசரத்துக்கு ஒரு கரிய உருவம் மெதுவா நடந்து துரத்திக்கிட்டே வருது. அவ்ளோ தான் கதை. அந்த வருஷம் பிரான்ஸ்ல அனெசி விழாவுல (அனிமேஷன்காரங்களுக்கு அது தான் கேன்ஸ்) கோந்த்ரஷாம்ப் பிரிவுல பரிசு வாங்குச்சு. ஆனா ஆஸ்கர் நாமினேஷன் கெடைக்கல.

ஆஸ்கர் வாங்குனது ரெண்டாவது படம் 'ஃப்ளோ'. அது தனியா பண்ணது கிடையவே கிடையாது. லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் மூணு நாட்டு கூட்டு தயாரிப்பு, மட்டீஸ் காஷான்னு ஒருத்தர் கூட சேந்து எழுதி தயாரிச்சிருக்காரு, பாத்திரங்கள அசைய வச்சவங்க பெரும்பாலும் பிரான்ஸ்லயும் பெல்ஜியத்துலயும் இருந்தாங்க, தண்ணிய மட்டும் தனியா பாத்துக்க ஆளு, சத்தத்துக்கு ஒரு ஆளு. அஞ்சரை வருஷம் ஆச்சு. 2024 மே மாசம் கேன்ஸ்ல முதல்ல காட்டுனாங்க, ஜூன்ல அனெசில ஒரே தடவைல நாலு பரிசு, 2025 ஜனவரில கோல்டன் குளோப், மார்ச் 2ஆம் தேதி ஆஸ்கர். அன்னிக்கு எதிர்ல நின்னது டிஸ்னியோட 'இன்சைட் அவுட் 2', அப்புறம் 'தி வைல்ட் ரோபாட்' எல்லாம். அதனால 'டிஸ்னிய தோக்கடிச்சான்' வரைக்கும் சரி. இலவச சாஃப்ட்வேர்ங்கிறதும் சரி, அது பிளெண்டர்ங்கிற த்ரீ-டி அனிமேஷன் சாஃப்ட்வேர். 'தன்னந்தனியா'வ மட்டும் அழிச்சிட்டு ஃபார்வேர்டு பண்ணுங்க. அத அழிச்சா மெசேஜ்ல சுவாரஸ்யமே போயிடும்னு நெனைக்கிறீங்க, எனக்கு என்னவோ அத அழிச்சா தான் கதையே ஆரம்பிக்குதுன்னு தோணுது, கீழ வர்ற பதில்ல பாருங்க.

காரைக்குடி: இவர் எந்த ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்சாரு?

எதுலயும் இல்ல. 1994ல லாட்வியா தலைநகர் ரீகாவுல பொறந்தவரு, வீட்டுல அப்பா அம்மா ரெண்டு பேருமே கலைக்காரங்க, அது ஒரு வசதி, ஒத்துக்குவோம், 'கார்ட்டூன் பண்ணப் போறேன்'னு சொன்னா நம்ம வீட்டுல விழுற அடி அங்க விழுந்திருக்காது. ஸ்கூல் முடிச்சதும் சினிமா காலேஜுக்கு போகாம குறும்படம் பண்ண ஆரம்பிச்சிட்டாரு, சாஃப்ட்வேர் தெரியலன்னா நெட்ல வீடியோ பாத்து கத்துக்கிறது, அடுத்த படத்துக்கு வேற என்ன தெரியணுமோ அத மட்டும் கத்துக்கிறது.

2010ல 'ரஷ்', 2012ல 'அக்வா', 2014ல ரெண்டு படம், 2015ல 'இன்ஆடிபிள்', 2017ல 'ஓயாசிஸ்'. ஏழு வருஷத்துல ஆறு குறும்படம். இத நீங்க சட்டுனு படிச்சிட்டு தாண்டிடாதீங்க, இதுல தான் விஷயமே இருக்கு, ஏன்னா எனக்குத் தெரிஞ்சு நம்ம ஊர்ல அனிமேஷன் கத்துக்கிட்ட பத்து பேர்ல எட்டு பேர் கம்ப்யூட்டர்ல பாதில நிக்கிற ஒரு மகா காவியம் இருக்கும், முடிச்ச படம்னு ஒரு நிமிஷத்துக்கு கூட எதுவும் இருக்காது. இந்த ஆளு கையில இருந்தது அத்தனையும் முடிச்ச படம். சுமாரா இருந்தாலும் முடிச்சாச்சு, அடுத்தது.

அந்த 'அக்வா' இருக்கே, அது என்ன கதைன்னு நெனைக்கிறீங்க? தண்ணின்னா பயப்படுற ஒரு பூனை கடல்ல மாட்டிக்குது. ஸ்கூல் வயசுல, கையால வரைஞ்சு பண்ண ஏழு நிமிஷ படம். பன்னெண்டு வருஷம் கழிச்சு அதே பூனைய தான் தூசி தட்டி எடுத்து கேன்ஸுக்கு கூட்டிட்டு போயிருக்காரு.

மதுரை: நீங்க சொன்னீங்கன்னு குடும்பத்தோட உக்காந்து பாத்தோம். ஒரு பேச்சு இல்ல, ஒரு பாட்டு இல்ல. எங்க மாமனார் இருபதாவது நிமிஷத்துல குறட்டை விட்டுட்டாரு. வசனம் எழுத ஆளு கெடைக்கலையா?

மாமனார் கிட்ட என் சார்பா மன்னிப்பு கேட்டுக்கோங்க. எங்க வீட்டுலயும் ஒரு விக்கெட் விழுந்துச்சு, யாருன்னு சொன்னா எனக்கு சோறு கெடைக்காது.

கேலியா கேட்டாலும் கேள்வி சரியான கேள்வி. வசனம் எழுதுறது தனக்கு கைவந்த வேலை இல்ல, கேமராவாலயும் மியூசிக்காலயும் சொல்றது தான் சுலபமா வருதுன்னு அவரே சொல்றவரு. இன்னொன்னு யோசிங்க, தனியா படம் பண்றவனுக்கு வசனம்னா எவ்ளோ செலவு. குரல் கொடுக்க ஆளு, ரெக்கார்டிங், அப்புறம் அந்த பேச்சுக்கு ஏத்த மாதிரி வாயசைவு, அது சரியா வரலன்னா மொத்தமும் பொம்மலாட்டம் மாதிரி ஆயிடும். பேச்சே இல்லன்னா அந்த தலைவலி மொத்தமும் இல்ல, படத்த எந்த நாட்டுக்கு வேணா அப்படியே தூக்கிட்டு போகலாம், டப்பிங்கே வேணாம். இருபது லட்சம் பேர் கூட இல்லாத ஒரு நாட்டுல இருந்து படம் பண்றவனுக்கு அது எவ்ளோ பெரிய லாபம்னு நம்ம சினிமாக்காரங்கள கேட்டா தெரியும். தெரியாதத மறைக்காம அதையே படத்தோட பாணியா மாத்திட்டாரு பாருங்க, அங்க தான் நான் விழுந்தேன்.

ஆனா பேச்சில்லன்னா சத்தம் இல்லன்னு அர்த்தம் இல்ல. அதுல வர்ற மிருகங்களோட சத்தமெல்லாம் நெஜ மிருகங்க கிட்ட எடுத்தது. பூனையோட குரல் சவுண்ட் டிசைனர் வீட்டு பூனையோடது. அந்த கேப்பிபரா இருக்கே, பெருச்சாளிய ஊதி பன்னி சைஸுக்கு ஆக்குன மாதிரி ஒரு ஜீவன், அதுக்கு ஒரு கூத்து நடந்திருக்கு. ஜூவுக்கு போய் மைக்க நீட்டுனா அது வாயே தொறக்கல, கடைசில அத கிச்சுகிச்சு மூட்டி சத்தம் எடுத்திருக்காங்க, எடுத்து கேட்டா கீச்சுனு ஒரு சத்தம், அவ்ளோ பெரிய சாந்தமான உடம்புக்கு கொஞ்சமும் பொருந்தல. அப்புறம் ஒட்டகக் குட்டியோட குரல எடுத்து போட்டிருக்காங்க. அதனால நீங்க கேட்டது கேப்பிபரா இல்ல, ஒட்டகம். மாமனார எழுப்பி சொல்லுங்க.

கும்பகோணம்: என் பையன் பி.காம் முடிச்சு ஒன்றரை வருஷம் ஆகுது. வேலைக்கு போகாம பகல் பூரா தூங்கிட்டு ராத்திரி பூரா கம்ப்யூட்டர்ல பிளெண்டர் பிளெண்டர்னு உக்காந்திருக்கான். கேட்டா இந்த லாட்வியாக்காரன காட்டுறான். அவங்க அப்பா தினமும் சண்டை. நீங்களே இப்படி எழுதி எழுதி பசங்கள கெடுக்குறீங்களே, இப்ப நான் என்ன செய்றது?

அம்மா, உங்க லெட்டர நாலு தடவை படிச்சேன். மிக்ஸிய பத்தி பேசுறான்னு முதல்ல நெனைச்சதா எழுதியிருந்தீங்க, சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு வரல.

பையன் காட்டுற உதாரணத்துல அவன் சொல்லாம விட்டத நான் சொல்றேன், ரெண்டு பேரும் சேந்து படிங்க. அந்த லாட்வியாக்காரரு 'அவே' படத்த எப்படி பிளான் பண்ணாருன்னா, மொத்தத்தையும் நாலு அத்தியாயமா பிரிச்சுக்கிட்டாரு, ஒவ்வொன்னும் தனியா ஒரு குறும்படம் மாதிரி நிக்கணும். ஏன்னா காசோ தெம்போ பாதில தீந்துபோச்சுன்னா அதுவரைக்கும் செஞ்சது வீணாப் போகக்கூடாது, முதல் அத்தியாயத்த மட்டும் கூட ஒரு படம்னு காட்டலாம். கனவு காண்ற ஆளு போடுற கணக்கா இது? மளிகைக்கடை வச்சிருக்கிறவரு போடுற கணக்கு. கதையில பாருங்க, ஒரு பையன், ஒரு பறவை, துரத்துற உருவம் ஓடாது, நடக்கும், அவ்ளோ தான். கூட்டம் கிடையாது, ஊர் கிடையாது, கல்யாண மண்டபம் கிடையாது. ஒரு ஆளு மூணரை வருஷத்துல எத செய்ய முடியுமோ அத மட்டும் கதைக்குள்ள விட்டிருக்காரு.

அதனால பையன்கிட்ட வேலைக்கு போடான்னு இன்னிக்கு சொல்லாதீங்க. 'ஒரு நிமிஷம் ஓடுற மாதிரி ஒன்னு முடிச்சு காட்டு, பாதி இல்ல, சத்தத்தோட, பேரு போட்டு, முடிச்சு'ன்னு சொல்லுங்க. மூணு மாசம் டைம் குடுங்க. முடிச்சு காட்டுனா அவன் செய்றவன், அத எடுத்துக்கிட்டு கேம் கம்பெனி, விளம்பர ஸ்டுடியோ, கட்டட டிசைன் பண்றவங்கன்னு பல எடத்துல வேலை கேக்கலாம், அங்கல்லாம் பி.காமான்னு கேக்க மாட்டாங்க, செஞ்ச வேலைய காட்டுன்னு தான் கேப்பாங்க. முடிக்கலன்னா, அவன் பாக்குறவன், பாக்குறதும் தப்பில்ல, ஆனா அதுக்கு ராத்திரி முழுக்க கரண்டு வேணாம். பகல்ல ஏதோ ஒரு வேலை, சாயங்காலம் ரெண்டு மணிநேரம் இதுன்னு வச்சுக்கலாம்.

இன்னொன்னு, அவங்க அப்பாவ ஒரு நாள் பக்கத்துல உக்கார வச்சு அவன் என்ன தான் செய்றான்னு பாக்க சொல்லுங்க. எங்கப்பா நான் நோட்டு ஓரத்துல பொம்மை வரைஞ்சு பக்கத்த சரசரன்னு புரட்டி ஓட விட்டப்ப பிரம்ப எடுத்தவரு தான், ஒரு நாள் அவரே வாங்கி புரட்டி பாத்துட்டு 'இவன் ஏன் நொண்டுறான்'னு கேட்டாரு. அன்னிக்கு தான் எனக்கு கால் வரையவே தெரியலன்னு புரிஞ்சுச்சு. அப்புறம் நான் எழுத வந்துட்டேன், அது வேற கதை.

கோவில்பட்டி: அந்த பூனையோட பேரு என்ன?

பூனை.

நாகர்கோவில்: நான் மூணு வருஷமா பிளெண்டர் யூஸ் பண்றேன். அந்த படத்த ரெண்டர் பண்ண எத்தனை கம்ப்யூட்டர் வச்சிருந்தாங்க? என் லேப்டாப்ல பத்து செகண்ட் சீன் போட்டா ராத்திரி முழுக்க ஓடி காலைல ஹேங் ஆகி நிக்குது.

தம்பி, தெரியாதவங்களுக்காக ஒரு வரி சொல்லிட்டு வர்றேன். த்ரீ-டி படத்துல பொம்மை, வெளிச்சம், கேமரா எல்லாம் வச்சதுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃப்ரேமையும் கணக்கு போட்டு படமா சுட்டெடுக்கணும், அது தான் ரெண்டர், ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். பெரிய ஸ்டுடியோ படங்கள்ல ஒரே ஒரு ஃப்ரேமுக்கு மணிக்கணக்குல ஆகும், அதுக்குன்னு ஆயிரக்கணக்குல கம்ப்யூட்டர அடுக்கி வச்சிருப்பாங்க, அத ரெண்டர் ஃபார்ம்னு சொல்றாங்க, பண்ணைன்னு அர்த்தம்.

'ஃப்ளோ'வுக்கு பண்ணை கிடையாது. டைரக்டரோட சொந்த கம்ப்யூட்டர்லயே ரெண்டர் பண்ணியிருக்காங்க. ஒரு ஃப்ரேமுக்கு, அதுவும் ஃபோர்-கே சைஸ்ல, அரை செகண்டுல இருந்து பத்து செகண்ட் வரைக்கும் தான். காரணம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், ஈவீ. பிளெண்டர்ல ரெண்டர் பண்ண ஈவீ, சைக்கிள்ஸ்னு ரெண்டு வழி இருக்கு. நீங்க அனேகமா சைக்கிள்ஸ்ல போட்டுக்கிட்டு இருக்கீங்க, அது வெளிச்சம் ஒவ்வொரு கதிரும் எங்க பட்டு எங்க திரும்புதுன்னு நேர்மையா கணக்கு போடும், ஈவீ வீடியோ கேம் மாதிரி, கண்ணுக்கு சரின்னு பட்டா போதும்னு வேகமா முடிச்சிடும். 2019ல பிளெண்டர் 2.80ல ஈவீ வந்தப்ப தான் இவரு மாயாங்கிற இன்னொரு அனிமேஷன் சாஃப்ட்வேர விட்டுட்டு பிளெண்டர் பக்கம் வந்தாரு, அது வரைக்கும் 'அவே' உள்பட மாயா தான். இன்னொன்னும் பண்ணியிருக்காரு, ரெண்டர் முடிச்சதுக்கு அப்புறம் மேல பூசுற கம்பாசிட்டிங் வேலையே வேணாம்னு விட்டுட்டாரு, கலரெல்லாம் பொருளோட மேல்தோல்லயே, அது எப்படி தெரியணும்னு சொல்ற ஷேடர்ல, சரி பண்ணிட்டாரு.

இதுல சும்மா நேரம் மிச்சம்னு மட்டும் பாக்காதீங்க, படம் எடுக்குற விதமே மாறிடுச்சு. வழக்கமா அனிமேஷன்ல முதல்ல ஸ்டோரிபோர்டு வரைவாங்க, ஷாட் ஷாட்டா கட்டம் போட்டு. இவரு அத வரையறதே இல்ல. காடு, தண்ணி, படகு எல்லாத்தையும் கரடுமுரடா த்ரீ-டில வச்சுட்டு, அதுக்குள்ள கேமராவ எடுத்துக்கிட்டு ஷூட்டிங் ஸ்பாட்டுல லொகேஷன் பாக்குற மாதிரி சுத்துறாரு, நல்ல கோணம் கெடைச்சா அங்க நிக்குறாரு. கம்ப்யூட்டர் உடனுக்குடனே வெளிச்சத்தோட காட்டுனா தான் அப்படி சுத்த முடியும், ஒவ்வொரு கோணத்துக்கும் ராத்திரி முழுக்க காத்திருந்தா எவன் சுத்துவான்? அதனால தான் அந்த படத்துல கேமரா பூனை பின்னாடியே தண்ணிக்குள்ள போய் மேல வந்து மரத்துல ஏறின்னு கட் பண்ணாமலே போயிட்டு இருக்கும், ஒரு ஷாட் கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம். மொத்த படத்தையும் முதல்ல இப்படி கச்சாவா கட்டி முடிச்சுட்டு அப்புறம் தான் அனிமேட்டர்ஸ் கிட்ட குடுத்தாங்க, செஞ்சுட்டு வெட்டித் தூக்கி எறிஞ்ச சீன் ஒன்னு கூட இல்லையாம். கோடிக்கணக்குல செலவு பண்ணி பாதி படத்த எடிட்டிங் டேபிள்ல விடுறவங்க நம்ம பக்கத்துல யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

உங்க லேப்டாப்புக்கு மருந்து: ஈவீக்கு மாத்துங்க, ஃப்ரேம தனித்தனி படமா சேவ் பண்ணுங்க, வீடியோவா நேரா எடுக்காதீங்க, ஹேங் ஆனாலும் விட்ட எடத்துல இருந்து தொடரலாம். லேப்டாப்புக்கு அடியில ஒரு ஃபேன். நானும் ஒரு காலத்துல பிளெண்டர் கத்துக்கப் போய் எல்லாரும் முதல்ல செய்ற டோனட்ட செஞ்சவன் தான், எனக்கு அது மெதுவடையா வந்துச்சு, அதோட நிறுத்திக்கிட்டேன்.

விழுப்புரம்: பிளெண்டர் இலவசம்ங்கிறாங்களே, எவனாவது சும்மா குடுப்பானா? பின்னாடி ஏதோ இருக்கு சார்.

பின்னாடி ஜனங்க இருக்காங்க. நெதர்லாந்துல டான் ரோசண்டால்னு ஒருத்தரு 1994ல எழுத ஆரம்பிச்சது (நம்ம பூனைப்பட டைரக்டர் பொறந்த வருஷமும் அதே, சும்மா ஒரு பொருத்தம்). அப்புறம் கம்பெனி படுத்துருச்சு, முதலீடு போட்டவங்க கையில சாஃப்ட்வேர் மாட்டிக்கிச்சு. 2002ல அவரு ஜனங்ககிட்ட உண்டியல் குலுக்குனாரு, ஒரு லட்சம் யூரோ குடுத்தா மூலக் குறியீட்ட (சோர்ஸ் கோடு) எல்லாருக்கும் தொறந்து விட்டுடுறோம்னு. ஏழே வாரத்துல சேந்துருச்சு. அன்னில இருந்து இலவசம், இனிமே யாரும் பூட்டவும் முடியாது, லைசென்ஸ் அப்படி. இன்னிக்கும் நன்கொடைல தான் ஓடுது. சந்தேகம் நல்லது தான், ஆனா இந்த ஒரு எடத்துல வேண்டாம்.

யாழ்ப்பாணம்: அண்ணை, லாட்வியா எண்டது எங்கட ஆக்கள் மாதிரி சின்னச் சனம், சின்ன மொழி. அவையளுக்கு இவ்வளவு காசு எங்கயிருந்து வந்தது? நாங்கள் ஒரு குறும்படம் எடுக்கவே நாய்படாப் பாடு.

தம்பி, வாட்ஸ்அப் மெசேஜ் சொல்லாம விடுறது இது தான். 'ஃப்ளோ'வோட செலவு சுமார் 35 லட்சம் யூரோ, நம்ம ரூபாய்ல முப்பது கோடிக்கு மேல. 'இன்சைட் அவுட் 2'க்கு ஆனது 20 கோடி டாலர், அதோட பாத்தா இது டீ செலவு, ஆனா நம்ம பாக்கெட்டோட பாத்தா டீ செலவு இல்ல. லாட்வியாவுல தேசிய திரைப்பட மையம்னு அரசாங்க அமைப்பு ஒன்னு இருக்கு, லாபம் வருமான்னு பாக்காம கலைப்படங்களுக்கு பணம் குடுப்பாங்க. அது போக பிரான்ஸ், பெல்ஜியம் தயாரிப்பாளருங்க சேந்தா அந்தந்த நாட்டு நிதியும் டிவி பணமும் வரும், ஐரோப்பாவுல சின்ன நாடுங்க படம் பண்ற வழியே இது தான்.

ஆனா அந்த கதவு அவருக்கு எப்ப தொறந்துச்சுன்னு பாருங்க. முதல்ல 'அவே'ய காட்டுனாரு. ஒரு ஆளு மூணரை வருஷம் உக்காந்து ஒரு முழுநீளப் படத்த முடிச்சிருக்கான்னா, இவன்கிட்ட காச குடுத்தா படமா திரும்பி வரும்னு ஒரு நம்பிக்கை. தனியா செஞ்சதோட பலன் எனக்குத் தெரிஞ்சு அவ்ளோ தான், அடுத்தத தனியா செய்ய வேண்டியதில்லாம போச்சு. உங்களுக்கு அந்த மாதிரி திரைப்பட மையம் இல்ல, எங்களுக்கும் அனிமேஷனுக்குன்னு அப்படி வாரிக் குடுக்குறவங்க இல்ல, அந்த வலி எனக்கும் தெரியும், உழைச்சா எல்லாம் வரும்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்.

சேலம்: தனியா இருந்தவரு கூட்டத்தோட வேலை செய்யப் போனா சண்டை வராதா? எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் சேந்தாலே வருது.

வந்துச்சோ இல்லையோ, பயம் இருந்திருக்கு, அத அவரு மறைக்கல. படத்தையே அத வச்சு தான் எழுதியிருக்காரு. தனியாவே திரிஞ்சு பழகுன பூனை, வெள்ளம் வந்ததும் ஒரு நாய், ஒரு கேப்பிபரா, பொருள் சேத்து வச்சுக்கிற ஒரு லெமூர் (குரங்கு மாதிரி ஒரு ஜீவன்), ஒரு பெரிய பறவைன்னு ஒன்னுக்கொன்னு ஆகாத கூட்டத்தோட ஒரே படகுல போக வேண்டி வருது. அந்த பூனை நான் தான், டீமோட வேலை செய்ய நான் கத்துக்கிட்ட கதை தான் இதுன்னு பேட்டில சொல்லியிருக்காரு. 'அவே'ல ஒத்தையா ஓடுற பையன் அப்ப இருந்த அவரு, இதுல பூனை இப்ப இருக்கிற அவரு. மியூசிக்ல கூட அப்படித்தான், முறையா சங்கீதம் படிக்காமலே கதை எழுதும்போதே மணிக்கணக்குல போட்டு குவிச்சுட்டாரு, ஆனா இந்த தடவை ரிஹார்ட்ஸ் சாலுபேன்னு முறையா படிச்ச இசையமைப்பாளர் ஒருத்தர கூட சேத்துக்கிட்டாரு. உங்க ஆபீஸ்ல அந்த லெமூர் யாருன்னு எனக்கு ஓரளவு தெரியும், லெட்டர்லயே எழுதியிருந்தீங்க, போடல.

தென்காசி: இதே மாதிரி தனியா படம் பண்ணவங்க வேற யாரு இருக்காங்க?

ஜப்பான்ல மகோதோ ஷின்காய். இன்னிக்கு அவரு படம் வந்தா நம்ம ஊர் தியேட்டர்லயே கூட்டம் நிக்குது, ஆனா ஆரம்பத்துல கேம் கம்பெனில வேலை பாத்துக்கிட்டு இருந்தவரு, படிச்சது ஜப்பானிய இலக்கியம். 1999ல ஒரு அஞ்சு நிமிஷ கருப்பு வெள்ளை படம், அதுவும் பூனை கதை தான் (இந்த பூனைங்களுக்கு யாரோ ஏஜென்ட் இருக்காங்க). அப்புறம் வேலைய விட்டுட்டு வீட்டு கம்ப்யூட்டர்ல 25 நிமிஷ படம் ஒன்னு, 2002ல வெளிவந்துச்சு, முதல்ல குரல் குடுத்தது அவரும் அவரு கட்டிக்கப் போற பொண்ணும்.

நமக்கு பக்கத்துல ஒரு கதை இருக்கு. நீனா பேலின்னு ஒரு அமெரிக்க கார்ட்டூனிஸ்ட், அனிமேஷன் தானா கத்துக்கிட்டவங்க. புருஷனுக்கு திருவனந்தபுரத்துல வேலைன்னு 2002ல அங்க வந்தாங்க, கொஞ்ச நாள்ல அவங்க நியூயார்க் போயிருந்தப்ப அவரு ஒரு மெயில்ல உறவ முறிச்சுட்டாரு. அந்த வலியோட ராமாயணத்த படிச்சவங்களுக்கு சீதை கதை தன் கதையா தெரிஞ்சிருக்கு. ஃப்ளாஷ்ங்கிற அனிமேஷன் சாஃப்ட்வேர்ல தனியா உக்காந்து 82 நிமிஷம், 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்', 2008. நம்ம பக்கம் சில பேருக்கு அந்த படத்து மேல கோவமும் உண்டு, அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேற. 1920கள்ல பாடுன பழைய பாட்டுங்கள உள்ள வச்சுட்டாங்க, பாடுனவங்க குரலுக்கு பிரச்சனை இல்ல, ஆனா பாட்ட எழுதுன மெட்டமைச்ச உரிமை வேற வேற கம்பெனிங்க கையில. ரெண்டு லட்சம் டாலருக்கு மேல கேட்டு, கடைசில 50,000 டாலர்ல முடிஞ்சிருக்கு, கடன் வாங்கி கட்டுனாங்க. அந்த கடுப்புல படத்தையே யாரு வேணா எடுத்துக்கோங்கன்னு நெட்ல இலவசமா விட்டுட்டாங்க. ராஜா பாட்ட குறும்படத்துல வச்சுட்டு யூடியூப்ல போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிக்கிறவங்களுக்கு இத சொல்றேன்.

வேலூர்: என்ன சொன்னாலும் அந்த நாயும் பூனையும் பழைய கம்ப்யூட்டர் கேம்ல வர்ற மாதிரி தான் இருக்கு. முடி கூட சரியா இல்ல. இதுக்கு ஆஸ்கரா?

நாய் விஷயத்துல உங்க கட்சி தான். ரோமம் ஒவ்வொன்னா காத்துல ஆடுற மாதிரி செய்யல, தூரிகையால தீட்டுன மாதிரி விட்டிருக்காங்க, காசில்லாததும் ஒரு காரணம், ரசனையும் ஒரு காரணம், எது எவ்ளோன்னு பிரிக்க முடியாது. சில எடத்துல எனக்கும் உறுத்துச்சு. ஆனா அந்த பூனை படகு விளிம்புல நின்னு குதிக்கலாமா வேணாமான்னு பின்னங்கால ரெண்டு தடவை மாத்தி வைக்கும் பாருங்க, அப்ப முடியெல்லாம் யாரு எண்ணுனா? எங்க வீட்டு பூனை டிவி முன்னாடி போய் உக்காந்துடுச்சு, அது கேம் எல்லாம் பாக்குறது இல்ல.

தஞ்சாவூர்: கோல்டன் குளோப்ப எங்க வச்சிருக்காரு? வீட்டு ஷோகேஸ்லயா?

2025 ஜனவரில ரீகாவுல தேசிய கலை மியூசியத்துல கொண்டுபோய் காட்சிக்கு வச்சாங்க. லாட்வியாவுக்கு வந்த முதல் குளோப் ஆச்சே. அந்த குளிர்ல, பனியில, அந்த சின்ன உருண்டைய பாக்க ஜனங்க வாசலுக்கு வெளிய வரைக்கும் வரிசைல நின்னிருக்காங்க.